பதினொரு மணிக்கு விடியும் ஊர்

தில்லியில் இருந்த ஆண்டுகளில், டிசம்பர் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து வரும் தொலைபேசிகளில் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கும்: அங்கே இப்போது எத்தனை டிகிரி? தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் நேரம் அது. ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் தயார். எத்தனை ஸ்வெட்டர் எடுத்துவைப்பது என்பதுதான் பாக்கி. ஏழு என்று சொன்னால் ஒரு பெட்டி, நான்கு என்று சொன்னால் இரண்டு பெட்டி. காலைச் செய்தித்தாளும் இந்த ஒற்றை எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடும். ஆனால் அது பெரும்பாலும் சூரியன் எழும் நேரத்தை ஒட்டிப் பதிவாகும் குறைந்தபட்ச வெப்பநிலை. அந்த வேளையில் சுற்றிப்பார்க்க வந்தவர் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். அவர் படப்போகும் குளிர் பகலில் காத்திருக்கிறது. முதன்முறையாகக் குளிர்காலத்தில் தில்லிக்கு வந்தவர்களின் திட்டங்கள் எங்கே பிசகின என்று இப்போது நினைத்துப் பார்க்கையில், பெரும்பாலானவை அந்த முதல் கேள்வியிலேயே பிசகியிருந்தன என்று தோன்றுகிறது. பகலில் எத்தனை டிகிரி வரை ஏறுகிறது, வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது போகிறது என்றுதான் அவர்கள் கேட்டிருக்க வேண்டும். தங்கும் அறை, உடுப்பு, பார்க்கும் இடங்களின் வரிசை, திரும்பும் நாள் ஆகிய எல்லாவற்றுக்கும் விடை அதற்குள் இருக்கிறது.

வானிலைக் கணக்கே இதற்குச் சாட்சி. தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் பதிவுகளில் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்தபட்சம் 7 முதல் 8 டிகிரி செல்சியஸ். சராசரி அதிகபட்சம் சுமார் 20. இந்தச் சராசரிக்குள் இரண்டு வகையான நாட்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வகை, இரவில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் நாள். மேகம் இல்லாததால் தரை தன் சூட்டையெல்லாம் இழந்து விடியலில் 4 டிகிரிக்கு இறங்கும். ஆனால் காலையிலேயே வெயில் வந்து பிற்பகலில் 21, 22 வரை ஏறும். மற்றொரு வகையில், இரவின் மூடுபனி கலையாமல் தாழ்ந்த மேகமாக மேலே எழுந்து நின்றுவிடும். அந்த நாளில் விடியற்காலை 9 டிகிரியாக இருக்கும், பிற்பகலிலும் 13ஐத் தாண்டாது. செய்தித்தாள் முதல் நாளைத்தான் கடுங்குளிர் என்று எழுதும். சுற்றிப்பார்க்க வந்தவருக்கோ அதுதான் நல்ல நாள். மற்ற நாளில் அவர் காலை முதல் இரவு வரை ஒரே மாதிரி விறைத்துக்கொண்டிருப்பார். இந்திய வானிலைத் துறை இந்த வேறுபாட்டை நன்கு அறியும். சமவெளியில் குறைந்தபட்சம் 4 டிகிரிக்கு இறங்கினால் அது 'குளிர் அலை'. குறைந்தபட்சம் 10 டிகிரிக்கு மேற்படாமல், பகலின் அதிகபட்சமும் இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் 'குளிர் நாள்'. இரண்டுக்கும் தனித்தனி எச்சரிக்கை உண்டு. சப்தர்ஜங்கின் மிகக் குளிர்ந்த இரவாக 1935 ஜனவரி 16 அன்றைய மைனஸ் 0.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனால் அண்மைக் காலத்தில் தில்லிவாசிகள் பேசிப் பேசி ஓயாத நாள் 2019 டிசம்பர் 30. அன்று பகலின் உச்சமே 9.4 டிகிரிதான், 1901 முதலான பதிவுகளில் டிசம்பரின் மிகக் குளிர்ந்த பகல் அது. 1935இன் அந்த இரவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மூடுபனி ஏன் இந்த ஊரை இவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைக்காற்று அவ்வப்போது பஞ்சாப், ஹரியானா, தில்லிப் பக்கம் ஈரத்தை விட்டுச் செல்கிறது. கோதுமை வயல்களுக்குப் பாய்ச்சும் நீரும் அதோடு சேர்கிறது. காற்று அசையாத நீண்ட இரவில் தரை குளிர, தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நீர்த்திவலைகளாகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்டதுபோல் நிற்பதால் கீழே இருப்பது கலைய வழியில்லை. இதைக் கலைக்கும் சக்தி வெயிலுக்கு உண்டு; ஆனால் ஜனவரி வெயில் சோனி. காலை பத்து, பதினொரு மணி வரை அதற்கு நேரம் பிடிக்கும். இந்தப் பனிமூட்டத்தின் உச்சம் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை. அதாவது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் இடையில் பயணம் வைக்கும் அதே வாரங்கள்.

ஆக, முதலில் எழுத வேண்டியது கடிகாரக் கணக்கு. டிசம்பர் இறுதியில் சென்னையின் பகல் 11 மணி 20 நிமிடம் போல. தில்லியின் பகல் அதைவிட ஒரு மணி நேரம் குறைவு. ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் 7.15 போல எழுந்து 5.40க்குள் மறைந்துவிடும். மூட்டம் கலையும் நேரத்தை முன்னாலும், வெயில் சூடிழந்து போகும் நேரத்தைப் பின்னாலும் கழித்தால் கையில் நிற்பது பதினொன்று முதல் நாலரை வரையான ஐந்தரை மணி நேரம். தில்லியின் தூரங்களுக்கு அதில் இரண்டு இடங்கள் அடங்கும். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றையும் வாசலில் நின்று பார்த்ததாகத்தான் முடியும். இங்கே எழும் மறுப்பு நியாயமானதே. கிடைத்திருப்பது நான்கு நாள் விடுமுறை, இத்தனை தூரம் வந்துவிட்டுப் பாதிப் பகலை அறையில் கழிப்பதா என்பார்கள். அந்தக் காலைகளை வெளியில் கழித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். சுமார் 73 மீட்டர் உயரமுள்ள குதுப் மினாரின் முதல் அடுக்கு கண்ணுக்குத் தெரியும், மற்றவை புகைக்குள். ஹுமாயூன் கல்லறையின் செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் வெயில் பட்டால்தான் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். மூட்டத்தில் எல்லாம் ஒரே சாம்பல். ஜந்தர் மந்தரைச் சொல்லவே வேண்டாம். அங்கே சுமார் 70 அடி உயரத்தில் நிற்கும் சாம்ராட் யந்திரம் நிழலைக்கொண்டு நேரம் காட்டும் கருவி. வெயிலில்லாத வேளையில் அது வெறும் படிக்கட்டு. ஏழு மணிக்கே கிளம்பி இவற்றின் முன் நடுங்கி நின்ற குடும்பத்தினர், வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் களைத்துப்போய் அறைக்குத் திரும்பவே விரும்புவார்கள். வீணாவது எது என்பதை இப்படித்தான் கணக்கிட வேண்டும்.

காலை முழுவதையும் படுக்கைக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லவில்லை. கூரையுள்ள இடங்களை இரு ஓரங்களுக்கும், திறந்தவெளிகளை நடுவுக்கும் தள்ளினால் நாள் தானாகவே ஒழுங்காகும். தேசிய அருங்காட்சியகத்தைக் காலை பத்து மணிக்கு மேல் பார்க்கலாம். லோதி தோட்டம், ஹுமாயூன் கல்லறை, அதன் பக்கத்திலேயே இருக்கும் சுந்தர் நர்சரி, குதுப் ஆகியவற்றுக்கு நடுப்பகல். இருட்டியபின் மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ. பக்கமுள்ள தில்லி ஹாட்டுக்கோ கன்னாட் பிளேஸ் கடைகளுக்கோ போகலாம். மெட்ரோ 2002 டிசம்பர் இறுதியில் ஓடத் தொடங்கியபின் குளிர்கால இரவு பயணிக்கு எவ்வளவோ எளிதாகிவிட்டது. செங்கோட்டைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைக் கல்லறைகளுக்கும் தோட்டங்களுக்கும் ஒதுக்க வேண்டும். என் கணக்குக்கு அடங்காத ஒன்றும் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய தில்லிச் சந்துகளில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கீ சாட், பாலைக் கடைந்து எடுத்த நுரை. இரவுப் பனியில் வைத்து இறுகியது, வெயில் ஏறினால் அமுங்கிவிடும். இறைச்சி உண்பவர்களுக்கு நிஹாரியும் காலை உணவுதான். ஆகவே ஒரே ஒரு காலையைச் சாந்தினி சௌக்குக்கு விட்டுக்கொடுக்கலாம். அங்கே சந்து குறுகல், கூட்டம் அதிகம், அடுப்புகள் பக்கத்தில். கட்டடத்தின் அழகு தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கேரட் அல்வாவும், தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும், கஜக்கும் எந்த நேரத்திலும் கிடைக்கும்.

ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்களுக்குத் தில்லி என்ன பெரிய குளிர் என்று ஒரு கேள்வி வரும். ஜனவரியில் ஊட்டியின் புல்வெளியில் உறைபனியே படிகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில், சமவெளியின் மூட்டத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பனி விழுந்த காலையிலும் வெயில் உடனே தோளில் சுடும். தில்லி சுமார் 216 மீட்டரில் அந்த மூட்டத்துக்கு அடியிலேயே கிடக்கிறது. இன்னொரு வேறுபாடு கட்டடத்தில் இருக்கிறது. தில்லி வீடுகள் 45 டிகிரிக் கோடைக்காகக் கட்டப்பட்டவை: மொசைக் அல்லது பளிங்குத் தரை, உயர்ந்த கூரை, காற்றுப் போக்குக்கு ஜன்னல் மேல் திறப்பு. வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு சாதாரண வீடுகளில் கிடையாது. அதனால் பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவில் இதமாகவும் வீட்டுக்குள் சில்லென்றும் இருப்பது இங்கே சகஜம். மைனஸ் பத்து டிகிரி உள்ள மேலைநாட்டு நகரத்தில் வெளியே நடுங்கி உள்ளே கோட்டைக் கழற்றுவார்கள். தில்லியில் உள்ளே வந்ததும் சால்வையைப் போர்த்திக்கொள்வோம். ஆகவே அறை எடுக்கும்போது நட்சத்திரம் எத்தனை என்பதைவிட, தெற்குப் பார்த்த ஜன்னல் உண்டா, ஹீட்டர் வாடகைக்குள் அடங்குமா, கீஸர் காலையில் எத்தனை பேருக்குத் தாங்கும், கூடுதல் ரஜாய் தருவார்களா என்று கேட்பது பலன் தரும். ஹீட்டருக்குப் பதில் கரி அடுப்பைச் சாத்திய அறைக்குள் வைப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. கார்பன் மோனாக்சைடால் தூக்கத்திலேயே உயிர்போன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும்.

உடுப்புக்கும் பகல் கணக்குத்தான் வழிகாட்டி. ஒரே நாளில் 6 டிகிரியிலிருந்து 21 வரை ஏறி இறங்கும் ஊரில், ஒரு பெரிய கம்பளிக் கோட்டு பாதி நேரம் கையில்தான் தொங்கும். உள்ளே தெர்மல், அதன்மேல் சாதாரணச் சட்டை, ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டால் நண்பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதுக்குக் குல்லாயும் மப்ளரும் தேவை. நம்மவர்கள் பெரும்பாலும் மறப்பது காலுறையை. ஆர்.கே.புரம் மலை மந்திரின் கல்தரையிலும் பங்களா சாஹிப் குருத்வாராவின் பளிங்கிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கையில்தான் குளிர் எங்கிருந்து ஏறுகிறது என்பது தெரியும். இவற்றில் பாதியைச் சென்னையில் தேடி அதிக விலைக்கு வாங்க வேண்டாம். ஜன்பத், லாஜ்பத் நகர், கரோல் பாக் கடைகளில் வந்த அன்றைக்கே கிடைக்கும்.

பயணத்தைத் திட்டமிடுவதில் மூட்டம் இன்னும் பெரிய பங்கு கேட்கும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கடக்கும் சுமார் 2,180 கிலோமீட்டரில் பெரும்பகுதி தெளிவான பாதை. குவாலியர், ஆக்ரா, மதுரா என்ற கடைசிப் பகுதிதான் பனிமூட்டத்துக்குள் வருகிறது. அதையும் வண்டி இரவு முடியும் நேரத்தில் கடக்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில் தாமதமாக வந்த வண்டி தாமதமாகவே திரும்பவும் கிளம்பும். விமானம் என்றால் கவலையில்லை என்று நினைப்பதும் முழுச் சரியல்ல. தில்லி விமான நிலையத்தில் ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்க வழிசெய்யும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். கிளம்புவதற்கோ அதைவிட அதிகத் தொலைவு தெரிய வேண்டும். ஆகவே காலை ஆறு மணி விமானம் மலிவாகக் கிடைத்தாலும், பிற்பகல் விமானமே நம்பகமானது. குடியரசு நாளை ஒட்டிய வாரத்தில் முற்பகலில் சில மணி நேரம் விமானங்கள் ஏறி இறங்க அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பட்டியலில் தவறாமல் இடம்பெறும் ஆக்ராவுக்கும் இதே நியாயம் பொருந்தும். 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச்சாலையில் மூடுபனிக் காலத்துக்கென்றே கார்களின் வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். வண்டிமேல் வண்டி மோதும் விபத்துகள்தான் அதற்குக் காரணம். விடியற்காலையில் புறப்பட்டு சூரியோதயத் தாஜ்மகாலைப் பார்ப்பது என்பது ஜனவரியில் பெரும்பாலும் வெள்ளைச் சுவரின் முன் நிற்பதில் முடியும். ஆக்ராவில் ஓர் இரவு தங்கி, வெள்ளிக்கிழமை விடுமுறையைத் தவிர்த்து, மறுநாள் நண்பகலில் பார்ப்பவருக்குத்தான் பளிங்கின் நிறம் தெரியும்.

இதெல்லாம் குளிருக்குச் சரி, காற்று மாசுக்கு என்ன செய்வது என்பது இன்றைய மிக வலுவான மறுப்பு. அதை மழுப்ப முடியாது. நுண்துகள் பி.எம். 2.5க்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு 15. தில்லிக் குளிர்காலத்தில் இரண்டையும் தாண்டிய நாட்கள்தான் வழக்கம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் பயணத்தைப் பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே நல்லது என்று நான் தயங்காமல் சொல்வேன். மற்றவர்களுக்கு, மாசின் அன்றாட ஏற்ற இறக்கமும் அதே கடிகாரத்தைத்தான் காட்டுகிறது. இரவிலும் காலையிலும் தரையோடு அடைபட்டிருக்கும் அழுக்குக் காற்று, வெயில் ஏறியபின்தான் மேலெழுந்து கலைகிறது. ஆக, உடம்புக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் அதிகாலை நடைதான் மிக மோசமான காற்றை உள்ளே இழுப்பது. பிற்பகல் ஒப்பீட்டளவில் மேல். காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. கடுமை என்று வரும் நாட்களில் சில பழைய ரக வண்டிகளுக்குத் தடை வரும் என்பதால், வாடகைக்கார் பேசும்போதே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. என்.95 முகக்கவசம் பெட்டியில் ஸ்வெட்டருக்குச் சமமான பொருள்.

அப்படியானால் குளிர்காலத்தில் ஏன் வர வேண்டும், அக்டோபரிலேயே வந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அக்டோபர் கடைசியும் நவம்பரும் வயல்களில் வைக்கோல் எரியும் புகையும் தீபாவளிப் புகையும் சேரும் காலம். பல ஆண்டுகளில் அதுதான் ஜனவரியைவிட மோசம். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களே முதல் வருகைக்கு உகந்தவை. மூட்டம் விலகத் தொடங்கியிருக்கும், குளிர் மிச்சமிருக்கும், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யானும் அந்தச் சமயத்தில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். குடியரசு நாள் அணிவகுப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கென்றே தனியாக வர வேண்டும். அந்த வாரத்தில் கர்த்தவ்ய பாதையைச் சுற்றிய சாலைகளும் செங்கோட்டையும் சுற்றுலாவுக்கு ஒத்துவராது. பள்ளி விடுமுறையைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் டிசம்பரிலேயே வரலாம். ஆனால் ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் விட்டுவைக்க வேண்டும். மூட்டம் விலகாத நாள் ஒன்று வரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்வதற்கான விலை அது. கைப்பேசியில் முன்னறிவிப்பு இருக்கிறதே என்றால், அடுத்த ஓரிரு நாளுக்கு அது உதவும்; டிக்கெட் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு முன் உதவாது.

தில்லிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்தா வாழ்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இத்தனை ஜாக்கிரதை என்பார்கள். அவர்கள் நம்மைவிட அதிகம் பார்க்கிறார்கள். ஜனவரி முதற்பாதியில் அங்கே பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. மூட்டம் கடுத்தால் அது நீளும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மொட்டைமாடிகளைப் பார்த்தால் போதும். ஆரஞ்சு உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, பட்டாணி உரிப்பது, ரஜாயை வெயிலில் காயப்போடுவது, முதியவர்கள் நாற்காலியை வெயிலோடு நகர்த்திக்கொண்டே போவது என்று குடும்பமே மேலே இருக்கும். அலுவலகங்களிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் புல்வெளிகள் நிறையும். கரோல் பாக்கிலும் பிறகு ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் குடியேறிய தமிழர்கள் இந்த வழக்கத்தை முதல் தலைமுறையிலேயே கற்றுக்கொண்டார்கள். மார்கழி அதிகாலையில் அவர்கள் கோயிலுக்குப் போகவில்லையா என்றால், போகிறார்கள். வீடு பக்கத்தில், பொங்கல் பிரசாதம் கையில், ஏழரைக்குத் திரும்பி வந்து வெந்நீர். சுற்றுலாவுக்கு வந்தவருக்கு அந்தத் திரும்பும் வசதி இல்லை.

கடைசியாக ஒரு மறுப்பு என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். வெயில் பார்த்து வெளியே வா, வெயில் போனதும் உள்ளே போ என்பது வசதியுள்ளவரின் கணக்கு அல்லவா? ஆம். செய்தித்தாள் குறைந்தபட்ச எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது வீண் பரபரப்பு என்று நான் முதலில் சொன்னதுபோல் தொனித்திருந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். மேம்பாலத்தின் கீழும் மருத்துவமனை வாசலிலும் படுப்பவர்களுக்கும், இரவுக் காவலர்களுக்கும், ரிக்‌ஷா இழுப்பவர்களுக்கும் அந்த எண்தான் எல்லாம். இரவு உறைவிடங்களைப் பற்றி 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது இந்த ஊரின் இரவு வெப்பநிலை காரணமாகத்தான். காவலர்கள் குப்பையும் விறகும் எரித்துக் குளிர்காயும் தீ மறுநாள் காலைப் புகையில் சேர்கிறது; அதற்கு அவர்களைக் குறைசொல்லும் தகுதி ஹீட்டர் வைத்திருப்பவருக்கு இல்லை. ஆகவே இரண்டு எண்களுக்கும் உரியவர்கள் வேறுவேறு. குறைந்தபட்சம், இரவைத் திறந்தவெளியில் கழிப்பவரின் எண். அதைப் படித்தால் அரசும் மற்றவர்களும் கம்பளிக்கும் கூரைக்கும் வழிசெய்ய வேண்டும். நான்கு நாள் பார்த்துவிட்டுப் போக வருகிறவர் தன் பெட்டியையும் பட்டியலையும் அந்த எண்ணை வைத்துத் தயார்செய்தால் பெட்டி கனக்கும், பட்டியல் பொய்க்கும். அதிகபட்சத்தைக் கேட்டு, பதினொரு மணியிலிருந்து நாளைத் தொடங்கி, தினம் இரண்டு இடம் என்று வைத்துக்கொள்பவர் எட்டு இடங்களைத்தான் பார்ப்பார். பட்டியலில் இருபது இருந்திருக்கலாம். மிச்சப் பன்னிரண்டுக்கு மார்ச்சில் ஒருமுறை வரட்டும்.